குகை டைவிங்குக்கு எந்த ஃபின் (கால்ல மாட்டுற துடுப்பு), ஜெட் ஃபின்னா ஆர்கே3யா? ரெண்டையும் போட்டுப் பாத்தவன் சொல்றேன்

சேர்வராயன் மலைய தினமும் பாத்துகிட்டே வளந்த பய தண்ணி நெறஞ்ச குகைக்குள்ள டேங்க் கட்டிகிட்டு டைவிங் போறேன்னா வீட்ல சிரிக்காம என்ன பண்ணுவாங்க. ஏற்காட்டு கரடி குகையில தண்ணியே கிடையாது, சேர்வராயன் கோயில் குகைக்குள்ள குனிஞ்சு போயி சாமி கும்பிட்டுட்டு வரலாம், அவ்ளோதான் நம்மூரு குகை. இந்த மலை சார்னோகைட் பாறைங்க, சுண்ணாம்புக்கல் மாதிரி தண்ணி அரிச்சு அரிச்சு கிலோமீட்டர் கணக்குல சுரங்கம் விழாது. அதுக்கு மெக்சிகோ போகணும். டூலும் பக்கத்துல சாக் அக்தூன்னு ஒரு குகை, 2018ல பக்கத்து குகையோட சேருதுன்னு கண்டுபுடிச்சப்ப மொத்த நீளம் 347 கிலோமீட்டர்னு சொன்னாங்க, கிட்டத்தட்ட சேலத்துலேந்து சென்னைக்கு போற தூரம், முழுக்க தண்ணிக்கு அடியில! நான் கோர்ஸ் பண்ணது அந்த ஏரியாவுலதான், மொத்தம் 18 குகை டைவ், எல்லாமே அங்கதான். அத மனசுல வச்சுகிட்டு மேல படிங்க.

எது வேணாம்னு மொதல்ல சொல்லிடறேன். நடுவுல பொளந்து இருக்குற ஸ்ப்ளிட் ஃபின் வேணாம், அதுல தவளை நீச்சலும் பின்னாடி போறதும் சரியா வராது. மூச்சடக்கி போறவங்க போடுற நீள ஃபின் வேணாம், குறுகலான எடத்துல திரும்பவே முடியாது. செருப்பு மாதிரி வெறுங்கால்ல மாட்டுறதும் வேணாம், பூட்ஸ் போட்டுகிட்டு பாறை மேல நடக்கணும். பக்கிள் வச்ச ஸ்ட்ராப் இருந்தா கழட்டி போட்டுட்டு ஸ்பிரிங் ஸ்ட்ராப் மாத்திடுங்க, ஏன்னா குகையில உசுரே வெளிய வர வழி காட்டுற கைடுலைன் கயித்துலதான் இருக்கு, வெளிய துருத்திகிட்டு நிக்கிற பக்கிள் கிணத்துல பாதாள கரண்டி விட்ட மாதிரி அத கொக்கி போட்டு இழுக்கும்.

இத எல்லாம் கழிச்சா மிஞ்சுறது குட்டையா அகலமா ஓட்ட வச்ச ரப்பர் ஃபின்னுங்கதான். அதுல பெரியவரு ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின், 1960கள்லேந்து ஏறக்குறைய அதே டிசைன்ல வருது. இன்னொன்னு அபெக்ஸ் ஆர்கே3, அதே மாதிரி குட்டை அகலம்தான் ஆனா வேற ரப்பர், எடை கம்மி. குகைக்குன்னு யார கேட்டாலும் ஜெட்டுதான்னு கண்ண மூடிகிட்டு சொல்லுவாங்க, நானும் கேட்டு ஜெட்டுதான் வாங்குனேன். இப்ப ஆர்கே3 பக்கம் வந்துட்டேன்.

காரணம் ஒன்னே ஒன்னுதான், கால்ல இருக்குற எடை.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாமாவோட தோட்டத்து கிணறு இருக்கு, நான் நீச்சல் கத்துகிட்டதே சுரைக்குடுக்கை கட்டிகிட்டு அங்கதான். ஜெட்டு வந்த அன்னிக்கு அதுலதான் எறங்குனேன், டேங்க் எல்லாம் இல்ல, வெறும் மாஸ்க்கும் ஃபின்னும், மூச்சடக்குற வரைக்கும். மேல படியில நின்னு பாத்த மாமா "என்னடா மாப்ள, நீஞ்சத் தெரிஞ்சவன் மறுபடியும் தவளையாட்டம் பழகுற"ன்னாரு. மாமா, காலை மேலயும் கீழயும் அடிச்சா அடியில இருக்குற வண்டல் கெளம்பி கண்ணு தெரியாம போயிடும், தவளை மாதிரி பக்கவாட்டுல தள்ளுனா கெளம்பாதுன்னு சொல்லி காட்ட போனேன். ஆனா தவளை மாதிரிதான் தள்ளுனேன், தண்ணி கலங்கி சேறாயிடுச்சு! அப்ப பழக்கம் பத்தலன்னு நெனச்சேன். டூலும் போயி மூணாவது டைவ்லதான் புரிஞ்சுது, கால் கீழ தொங்குனா எப்படி தள்ளுனாலும் அந்த தண்ணி தரையிலதான் போயி அடிக்கும்.

ஏத்தம் இறைக்கிற கழிய நெனச்சுக்கங்க, நுனியில ஒரு சின்ன கல்ல கட்டுனாக்கூட மொத்த கழியும் சாயும். நம்ம ஒடம்புல நுரையீரல் நெஞ்சுல இருக்கு, அது மெதக்கும், பாதம்தான் கடைசி நுனி, அங்க அரை கிலோ கூடுனாலும் ஒடம்பு தல மேல கால் கீழன்னு சாஞ்சிடும். மளிகைக்கடை தராசுல என் ஜெட்டு ஜோடி மூணு கிலோவ தொட்டுச்சு, ஆனா தரையில எவ்ளோ எடைங்கறது முக்கியம் இல்ல, தண்ணிக்குள்ள எவ்ளோ வேகமா முழுவுதுன்னு பாக்கணும். கிணத்துல விட்டா ஜெட்டு கல்லு மாதிரி போயிடுது, ஆர்கே3 யோசிச்சு யோசிச்சு எறங்குது. கிணறும் நல்ல தண்ணி, செனோட்டேயும் (அந்த குகைக்கு எறங்குற இயற்கை கிணறு) மேல நல்ல தண்ணிதான், அதனால இந்த டெஸ்ட் செல்லும், கடல்ல கொஞ்சம் வித்தியாசப்படும்.

அப்ப ஊரே ஜெட்ட தூக்கி வச்சு கொண்டாடுதே, அவங்க எல்லாம் முட்டாளான்னா இல்லைங்க. குளிர் தண்ணியில ட்ரைசூட் (உள்ள தண்ணி புகாத உடுப்பு) போடுறவங்களுக்கு சூட்டுக்குள்ள இருக்குற காத்து காலுக்கு ஓடும், கால் பலூன் மாதிரி தூக்கும், அத கீழ புடிச்சு வைக்க கனமான ஃபின் வேணும். அவங்களுக்கு ஜெட்டு வரம். டூலும்ல தண்ணி 25 டிகிரி, நான் போட்டது 5 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் (உள்ள தண்ணி புகுற ரப்பர் உடுப்பு), டேங்க் ரெண்டு பக்கமும் தொங்குற சைட்மவுண்ட். என்ன மாதிரி கால் எலும்பு கனமா இருக்குற ஒல்லி ஆளுக்கு தூக்குறதுக்கு அங்க ஒன்னுமே இல்ல. எடைக்கு கட்டுற ஈயத்த முதுகுல மேல ஏத்தி பாத்தேன், டேங்க் கட்டுற எடத்த மாத்தி பாத்தேன், கொஞ்சம் சரியாச்சு, முழுசா ஆகல. கூட வந்த ஒருத்தரோட ஆர்கே3ய ஒரு டைவுக்கு கடன் வாங்கி போட்டேன், முட்டி மடக்கி அப்படியே நின்னேன், கால் நின்ன எடத்துல நின்னுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

நீங்க வாங்கறதுக்கு முன்னாடி செஞ்சு பாக்க வேண்டியது இதான். டைவ் கடைசியில, டேங்க்ல காத்து கொறஞ்ச பொறவு, ஆழம் கம்மியான எடத்துல படுக்கையா மெதந்துகிட்டு முட்டிய மடக்கி ஒரு நிமிஷம் எதையும் அசைக்காதீங்க. கால் கீழ போனா எடை கம்மியான ஃபின், தல கீழ போனா ஜெட்டு. அடுத்தவங்க சொல்றத விட ஒங்க ஒடம்பு சொல்றத கேளுங்க.

ஜெட்டுக்கும் ஒரு நல்லது சொல்லணும், பின்னாடி போற கிக்கு அதுல இன்னும் கச்சிதமா வந்துச்சு, பிளேடு வெறப்பு அப்படி. ஆனா அதே வெறப்புல எனக்கு கெண்டக்கால் ரெண்டு தடவ புடிச்சுகிச்சு. ஆர்கே3ல கால் நுழையுற எடம் பெருசு, எக்ஸ்எல் சைஸ் எடுத்து லொடலொடன்னு இருக்கவும் எல் சைஸுக்கு மாத்துனேன். அதுலயே ஹெச்டின்னு கனமான வெறப்பான ஒன்னு இருக்கு, அத நான் போட்டதில்ல. ஃப்ளோரிடா குகைங்க மாதிரி எதிர்த்தண்ணி வேகமா வர்ற எடத்துக்கும் போனதில்ல, ட்ரைசூட்டும் போட்டதில்ல, அங்க ஆர்கே3 பத்துமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

பராமரிப்பு ரெண்டுக்கும் ஒன்னுதான், நல்ல தண்ணியில கழுவி நெழல்ல காய வைங்க, சித்திரை வெயில்ல மொட்ட மாடியிலயோ கார் டிக்கியிலயோ போட்டா ரப்பர் கெட்டுடும். அப்பறம் ஓப்பன் வாட்டர் கார்டு (டைவிங்ல ஆரம்ப கோர்ஸ் சான்று) மட்டும் வச்சுகிட்டு நல்ல ஃபின் இருக்கேன்னு குகைக்குள்ள நுழைஞ்சிடாதீங்க, முறையா குகை கோர்ஸ் பண்ணாம போனவங்க நெறைய பேரு திரும்பி வந்ததில்ல.

ஜெட்டு இப்ப மாமா தோட்டத்து மோட்டார் ரூம்ல கெடக்குது, வாங்குறதுக்கு சேலத்துல ஆள தேடிகிட்டு இருக்கேன். போன வாரம் மாமா பையன் அத மாட்டிகிட்டு கிணத்துல எறங்கிட்டு, "செங்கல்ல கட்டி விட்ட மாதிரி இருக்குண்ணா"ன்னு கழட்டி எறிஞ்சிட்டான்.