எந்தத் தரவரிசையை நம்பிக் கட்டுரை அனுப்புவது?

பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்யும் நம் மலையகப் பிள்ளைகளிடம் முதற்கட்டுரை தயாரானதும், தரவரிசையைப் பார்த்துச் சஞ்சிகையைத் தெரிவுசெய்யச் சொல்கிறோம். கட்டுரை அச்சேறும்வரை அந்த வரிசை மாறாமல் நிற்குமா என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

தரவரிசைக்குப் பயன்படும் அளவீடுகளில் அதிகம் ஆடுவது தாக்கக் காரணி. முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. சராசரி என்பதால் ஒரே கட்டுரை கணக்கைப் புரட்டிவிடும். ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ’ சஞ்சிகையில் 2008இல் ஷெல்எக்ஸ் என்ற படிக அமைப்பு மென்பொருள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 2 அளவில் இருந்த காரணி 2009இல் 49ஐத் தாண்டியது, 2010இல் 54, 2011இல் மறுபடியும் 2. சஞ்சிகையின் தரம் அப்படி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

நமது துறைகளுக்கு இரண்டு ஆண்டு போதவும் போதாது. தலவாக்கலைப் பக்கத்து உயர்நிலத் தேயிலையில் ஒரு கவ்வாத்துச் சுற்று, அதாவது செடியை ஒருமுறை வெட்டியதிலிருந்து அடுத்த வெட்டு வரையான காலம், முடியவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதைப் பற்றிய ஒரு கட்டுரையை இன்னொருவர் வயலில் சோதித்து மேற்கோள் காட்டும்போது இரண்டு ஆண்டு கடந்திருக்கும்; தாக்கக் காரணி அதைக் கணக்கில் எடுக்காது.

ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் மேற்கோள் சராசரியான சைட்ஸ்கோர் 2020 முதல் நான்கு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் பொது என்பதால் ஆட்டம் குறைவு. ஆனால் ஒரு விதிவிலக்கான கட்டுரையின் நிழல் நான்கு ஆண்டுகள் விழும்.

கூகுள் ஸ்காலரின் எச்-5 குறியீட்டை அத்தகைய கட்டுரை அசைக்காது. கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளில் குறைந்தது 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது பெற்றிருந்து, 21 கட்டுரைகள் தலா 21 பெறாவிட்டால் எச்-5 20. எத்தனை ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் அது கூட்டுவது அதிகபட்சம் ஒன்றுதான். உறுதியில் இதுவே முதலிடம். ஆயினும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வெளியிடும் பெரிய சஞ்சிகைகளுக்கே இது சாதகம். சிறிய வேளாண் சஞ்சிகைகளை இதை வைத்து ஒதுக்குவது அநியாயம்.

கியூ1 (துறைப் பட்டியலின் முதல் கால்பங்கு), கியூ2 (அடுத்த கால்பங்கு) என்ற வகுப்பு வேறு காரணத்தாலும் மாறும். 2024இல் தாக்கக் காரணிப் பட்டியல்களில் ‘வளர்ந்துவரும்’ பட்டியலில் இருந்த சஞ்சிகைகளையும் மற்றவற்றோடு ஒன்றாக வரிசைப்படுத்தினார்கள். எண் அப்படியே இருக்க, இடம் மட்டும் மாறுவதற்கு அது போதும்.

மாணவருக்கு நான் பரிந்துரைப்பது சிமாகோ தளத்தின் எஸ்.ஜே.ஆர்.; மேற்கோள் காட்டும் சஞ்சிகையின் மதிப்பையும் அது கணக்கில் எடுக்கும். மூன்று ஆண்டுக் கணக்கு. சிறிய சஞ்சிகைகளில் அதுவும் ஆடும். ஆனால் கட்டணம் இல்லை, ஒவ்வோர் ஆண்டின் வகுப்பும் நிறக்கட்டங்களாக வரிசையில் தெரியும்: பச்சை கியூ1, மஞ்சள் கியூ2. கடைசி ஐந்து கட்டங்களைப் பாருங்கள். பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வந்தால் அதைக் கியூ2 என்றே வைத்துக்கொண்டு, கட்டுரை பொருந்துமானால் தயங்காமல் அனுப்புங்கள்.