மினியேச்சருக்கு என்ன கலர் பிரைமர்? வெள்ளை டப்பா மேல உள்ள கடுப்புல எழுதுறது

மார்த்தாண்டத்துல என் கூட்டுக்காரன் ஒருத்தன் புதுசா மினியேச்சர் பெயின்டிங்ல, அதாவது விரலளவு பொம்மை உருவங்களுக்கு கலர் அடிக்கிறதுல, இறங்கியிருக்கான். கலருக்கு முன்னாடி பூசுற அடிப்பூச்சு, அதான் பிரைமர், அது என்ன கலர்ல வாங்கணும்னு கேக்கான். "மக்கா, கறுப்பா வெள்ளையா கிரேயா, ஒரே வார்த்தையில சொல்லுடே"ன்னு மெசேஜ். ஒரே வார்த்தையில முடியுற விஷயமாடே இது. டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீண்டு போச்சு, அதான் எல்லாருக்கும் பொதுவா இங்கன போட்டுட்டேன்.

பிரைமர் எதுக்கு, உருவத்த எப்படி கழுவணும், ஸ்பிரே டப்பாவ எவ்வளவு நேரம் குலுக்கணும், இதெல்லாம் யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டான், அத விடுங்க. நான் பண்றது ரெண்டு வகை. வருஷம் பூரா 28 எம்எம் போர்வீரன், மந்திரவாதி இந்த மாதிரி. கிறிஸ்மஸ் நெருங்குனா குடிலுக்கு வைக்கிற சின்ன உருவங்க, ரெசின்ல 3டி பிரின்ட் பண்ணது. வீடு திங்கள்நகர் பக்கம், மாடியில நின்னு அடிக்கிறேன், கடக்காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். கலர் சண்டைய விட இந்த காத்தோட சண்டைதான் எனக்கு பெருசு.

முதல்ல வெள்ளை. சவம்.

ஒரே கம்பெனி, ஒரே சைஸ் டப்பா, ஒரே சாயங்காலம், ஒரே தூரம். கறுப்ப அடிச்சா வழுவழுன்னு உக்காருது. வெள்ளைய அடிச்சா உருவத்து மேல புட்டு மாவு தூவுன மாதிரி பொரபொரன்னு நிக்குது. போன டிசம்பர்ல ஒரு சம்மனசு, அதான் தேவதூதன். முகம் பச்சைப்பயறு அளவுதான் இருக்கும், ஆனா கண்ணிமை, மேலுதட்டு குழி எல்லாம் அதுல இருக்கு, பிரின்ட் அவ்வளவு சுத்தமா வந்திருந்துது. வெள்ளை அடிச்சு காஞ்ச பிறகு பாத்தா கண்ணையே காணல. பழைய டூத் பிரஷ் வெச்சு பைய தேய்ச்சா கன்னத்துல உள்ளது உதிருது, கண்ணோரத்துல உள்ளது அசைய மாட்டேங்குது, குண்டூசியால சுரண்டுனா மூக்கு நுனியும் சேந்து வருது. றெக்கை மட்டும் அம்சமா வந்துது, ஏன்னா றெக்கை ஏற்கனவே சொரசொரப்புதான.

நியாயமா சொல்லணும்னா டப்பாவ மட்டும் திட்ட முடியாது. வெயில் நேரத்துல அடிச்சா துளி உருவத்துல போய் விழுறதுக்கு முன்னாடியே காத்துலேயே பாதி காஞ்சிரும், காஞ்ச துளி பரவாது, தூளா ஒட்டும். ஈரம் ஜாஸ்தியான நேரத்துல அடிச்சா வேற மாதிரி சாம்பல் பூத்துக்கும். அதுல வெள்ளைக்கு மட்டும் கூடுதல் தொல்லை என்னன்னா, கறுப்புல உள்ள கரித்தூள் ரொம்ப நைஸு, கொஞ்சம் போட்டாலே மூடிரும், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைட கட்டியா சேக்கணும், இல்லன்னா அடியில உள்ள ரெசின் கலர் தெரியும். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையில கறுப்பு மண்ணு கிடக்குல்லா, அதுல உள்ள இல்மனைட்டுல இருந்துதான் இந்த டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கறது, அங்கன ஐஆர்இஎல்ங்கிற அரசு கம்பெனி பிளான்ட்ல மண்ண பிரிச்சு இல்மனைட் எடுக்காங்க. வெள்ளை பெயின்டோட மூலப்பொருள் என் வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல கறுப்பா கிடக்குது, நான் இங்க ஒரு வெள்ளை டப்பாவோட மல்லுக்கட்டிட்டு நிக்கேன்.

டப்பா பின்னாடி பொடி எழுத்துல "காற்றோட்டமான, ஈரப்பதம் இல்லாத இடத்தில் பயன்படுத்தவும்"ன்னு போட்டிருக்கான். குமரி மாவட்டத்துல ஈரப்பதம் இல்லாத இடம் எங்க இருக்குன்னு அவனே ஒரு மேப் போட்டு குடுத்தா நல்லாருக்கும். ஜூன்ல தென்மேற்கு மழை, அக்டோபர்ல வடகிழக்கு, மத்த ஊர்க்காரனுக்கு வருஷத்துல ஒரு சீசன்னா நமக்கு ரெண்டு. இடையில வெறிக்கிற நாள்ல காத்து. ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி சுத்துறதுக்கு நல்ல காத்துதான், ஸ்பிரே அடிக்கதுக்கு இல்ல. குடில் வேலை எப்ப வருதுன்னு பாத்தா நவம்பர், டிசம்பர், சரியா மழை கொட்டுற நேரம். வீட்டுக்குள்ள அடிக்கலாம்னா நாத்தம் அடுக்களை வரைக்கும் போவுதுன்னு மைனி (அண்ணி) டப்பாவ தூக்கி வெளிய வெச்சிருவாவ. அவிய சொல்றதும் சரிதான், மூடுன ரூம்ல மாஸ்க் இல்லாம அடிக்கக்கூடிய சாதனமா அது.

சரி கறுப்பு. நான் ரொம்ப நாள் கறுப்பு கட்சி. இடுக்குல பிரஷ் போகலன்னா அது நிழல்னு ஊர நம்ப வெச்சிரலாம், கவசம், வாள், சங்கிலி எல்லாம் கறுப்பு மேல வெள்ளி கலர உலர் பிரஷ்ல (பெயின்ட பெரும்பாலும் துடைச்செடுத்த பிரஷ்) தேச்சாலே நின்னு பேசும். ஆனா மஞ்சள வெச்சு பாருங்க. மஞ்சளுக்கு மூடுற சக்தி கம்மி, கறுப்பு மேல போட்டா பச்சை தட்டும், அடுக்கு மேல அடுக்கு போட்டுட்டே இருக்கணும், அதுக்குள்ள மடிப்பெல்லாம் தூந்திரும். சிவப்பும் அப்படித்தான், செத்த சிவப்பா நிக்கும். இன்னொண்ணு, ராத்திரி டியூப்லைட்ல கறுப்பு உருவத்துல எது விரல் எது வாள் கைப்பிடின்னே எனக்கு தெரியறதில்ல, நாப்பது வயசு தாண்டுனவன் கறுப்பு வாங்குறதுக்கு முன்னாடி நல்ல லைட் ஒண்ணு வாங்கட்டும்.

கிரே பத்தி என்ன சொல்ல. குறையே இல்ல. அதுக்கு மேல கறுப்பு பெயின்ட்டும் மூடும், வெள்ளையும் மூடும், பிரின்ட்ல உள்ள கோடு, ஒட்டுன இடத்து பள்ளம் எல்லாம் கிரேயிலதான் பளிச்சுன்னு தெரியும், பெயின்ட் போடறதுக்கு முன்னாடியே உப்புத்தாள் போட்டு சரி பண்ணிரலாம். மிஸ்டர் சர்ஃபேசர், டாமியா இந்த ஜப்பான்காரங்க கிரே அடிச்சா அடிச்சதே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைய பத்தி எழுத ஒண்ணும் இருக்காது.

கறுப்ப முழுசா அடிச்சு, காஞ்ச பிறகு தலைக்கு மேல இருந்து மட்டும் வெள்ளைய லேசா விடுறது இருக்கு, ஜெனிதல்னு சொல்லுவாங்க. மேல இருந்து வெளிச்சம் விழுந்தா எங்க படும் எங்க படாதுன்னு உருவமே காட்டிக் குடுக்கும். 2019ல சிட்டாடல் கான்ட்ராஸ்ட்ங்கிற பெயின்ட் வந்த பிறகு இந்த கண்ணாடி மாதிரி தெரியுற பெயின்ட்டுகளுக்கு அடியில வெளிர் கலர் இல்லாம வேலைக்கு ஆவாது, அதனாலதான் அதுங்கூடவே ரெய்த்போன், கிரே சீயர்னு ரெண்டு பிரைமரும் விட்டான். ஆக எப்படி சுத்தி வந்தாலும் வெள்ளைக்கிட்டயோ அதுக்க சொந்தக்காரன்கிட்டயோ போய்தான் நிக்கணும். எரிச்சல் அதுதான்.

இப்ப எனக்கு புடிச்ச விஷயத்துக்கு வாறேன், பிரவுன். ரெட் ஆக்சைடு. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற அதே செங்கல் கலர்தான், மாடலுக்குன்னு உள்ளது நைஸா இருக்கும், டாமியால ஆக்சைடு ரெட்னே கிடைக்கும். டாங்கி மாடல் பண்றவங்க இத துரு காட்ட, பெயின்ட் உரிஞ்ச மாதிரி காட்ட வாங்குவாங்க, ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கிக்கு அடியில உண்மையிலேயே இந்த கலர்தான் இருந்துது. நான் வாங்குனதும் அதுக்குத்தான். டப்பா சும்மா இருக்கேன்னு குடில்ல வைக்கிற இடையனுக்கு ஒரு நாள் அடிச்சேன்.

யூடியூப்ல முகம் பெயின்ட் பண்ண சொல்லித் தாறவன் எல்லாம் வெள்ளை பிரைமர் மேல ரோஸ் கலர் வெள்ளைக்காரன் முகத்த பண்ணுவான். அத பாத்து நம்ம ஆள் கலர வெள்ளை மேல போட்டா எப்பவும் பொடி பூசுன மாதிரி, தோலுக்கு அடியில உயிர் இல்லாம இருக்கும். செங்கல் பிரவுன் மேல போட்டேன் பாருங்க. நெத்தி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, இந்த மூணு இடத்துல மட்டும் தண்ணியா கலக்குன இளம் பிரவுன் ஒரு கோடு, மத்தது அப்படியே பிரைமர். கழுத்தடியில, கக்கத்துல சிவப்பு கலந்த நிழல் தானா நிக்குது. வெயில்ல கிடந்து வேல செஞ்ச ஆளு மாதிரி, வலை இழுக்கிற ஆளு, ரப்பர் வெட்டுற ஆளு மாதிரி இருந்தான் அந்த இடையன். அன்னையில இருந்து என் குடில்ல பெத்லகேம் இடையன் எல்லாம் குளச்சல்காரன் நிறம்தான். மைனி பாத்துட்டு "இவன எங்கயோ கண்டிருக்கேன்"னாவ, அத விட பெரிய ரேட்டிங் எனக்கு வேண்டாம்.

டப்பாவே வேண்டாம்னு நினைக்கிறவனுக்கு ஏர்பிரஷ்ல (காத்த வெச்சு பெயின்ட பீச்சுற பேனா மாதிரி சாதனம்) விடுற அக்ரிலிக் பாலியூரிதேன் பிரைமர் இருக்கு, வயேஹோ கம்பெனியோடது மாதிரி, பிரஷ்லயும் பூசலாம், மழை பெஞ்சாலும் ரூமுக்குள்ள வேல நடக்கும். ஒரு நாள் முழுசா காய விடணும். உப்புத்தாள் போட்டா தூளா வராது, தோலா உரியும், அதுனால உரசல் வேலைய முன்னாடியே முடிச்சிருங்க. அதுலயும் வெள்ளைதான் ஏர்பிரஷ் நுனிய அடைக்குது, சொல்லணுமா.

முடிவுக்கு வாறேன். கிரே வாங்குங்க, பிரவுன் வாங்குங்க, கவசம் பண்றவன் கறுப்பும் வாங்குங்க. ஆனா மக்கா, நீ பண்ணப்போறது குடிலுக்குன்னு நேத்து ராத்திரி இன்னொரு மெசேஜ் போட்டியே, சம்மனசு, ஆடு, மாதாவோட நீல முக்காடுன்னு. அப்ப நீ வெள்ளை வாங்கு. கிரே மேல அந்த நீலம் மங்குது, ஆடு அழுக்கா தெரியுது, நான் பாத்துட்டேன். இவ்வளவு திட்டியும் இந்த வாரம் நான் ஆர்டர் போட்டதும் வெள்ளைதான். ஸ்பிரே டப்பா தீப்பிடிக்கிற சரக்குன்னு விமானத்துல ஏத்த மாட்டான், லாரியிலதான் வரும், அதுனால இப்பவே போடு. வந்த உடனே செப்டம்பர் கடைசியில மழை விடுற ஒரு காலைப்பொழுது பாத்து, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் கிட்ட வெச்சு, மெல்லிசா விட்டு விட்டு அடி. முகத்துக்கு மட்டும் பிரஷ்ல பூசு, ஸ்பிரேய அந்தப் பக்கமே காட்டாத.