தேங்காய் மாவில் குக்கீஸ்: மூன்று பாக்கெட் தீர்ந்த பிறகு எழுதுகிறேன்

தேங்காய் மாவு வாங்கலாமா, காசு வீணாகுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம், குக்கீஸ் நன்றாகவே வரும், ஆனால் கோதுமை மாவிலும் மைதாவிலும் பழகிய கைக்கணக்கை மறந்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். இதுவரை மூன்று கம்பெனிகளின் மாவை வாங்கித் தீர்த்திருக்கிறேன். முதல் பாக்கெட் பெரும்பாலும் குப்பைக்குப் போனது, இரண்டாவதில் பாதி தேறியது, மூன்றாவதில் ஒரு தட்டுகூட வீணாகவில்லை. இந்த விமர்சனம் மூன்றாவது பாக்கெட்டுக்குத்தான், மற்ற இரண்டும் இடையிடையே வரும்.

நான் இதில் இறங்கியதே அக்காவுக்காக. அவளுக்குத் தானியம் எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. முட்டை, பால், வெண்ணெய், தேன் எல்லாவற்றையும் அவள் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடை பிஸ்கட்டில் அவளுக்கென்று எதுவுமே மிஞ்சாது. குளூட்டன் (கோதுமையில் இருக்கும், மாவைப் பிடித்துவைக்கும் புரதம்) இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாக்கெட்டைத் திருப்பினால் அரிசி மாவோ சோள மாவோ இருக்கும். இரண்டிலும் குளூட்டன் கிடையாதுதான், ஆனால் இரண்டும் தானியம். தானியமே இல்லை என்று போட்டிருப்பதை எடுத்தால் அதில் முட்டை. எல்லோரும் தட்டில் கை வைக்கும்போது அவள் மட்டும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நானே செய்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

சரி, மாவுக்கு வருகிறேன். தேங்காயிலிருந்து பாலையோ எண்ணெயையோ பிழிந்து எடுத்த பிறகு நிற்கும் சக்கையைக் காயவைத்து நைசாக அரைத்தால் அதுதான் தேங்காய் மாவு. கொழுப்பில் பெரும்பகுதி போய்விடுவதால் மிஞ்சுவதில் நார்ச்சத்துதான் அதிகம், எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நாராகவே இருக்கும். உலர்ந்த தேங்காய்த் துருவலை மிக்ஸியில் பொடித்தால் இதே மாவு கிடைக்காதா என்று நானும் ஒருமுறை முயன்றேன். கிடைக்காது. அதில் எண்ணெய் அப்படியே இருப்பதால் கொஞ்ச நேரத்தில் பிளேடைச் சுற்றிப் பசையாக ஒட்டிக்கொள்கிறது. வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் இதுவே வழி. பாக்கெட்டின் பின்னால் உள்ள சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள், 10 முதல் 15 கிராம் என்கிற மாதிரி இருந்தால் அது மாவு. 60 கிராமைத் தாண்டினால் அது வெறும் துருவல், அரைத்து மாவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த இரண்டாவது பாக்கெட் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தது, சிக்கு வாடையும் லேசாக இருந்தது.

இந்த மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்ததும் வித்தியாசம் தெரிந்தது. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம், இனிப்பான தேங்காய் வாசம், இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நழுவுகிறது. கட்டிகள் உண்டு, ஆனால் சல்லடையில் போட்டு விரலால் தேய்த்தால் உடைந்துவிடுகின்றன. சலிக்காமல் போடாதீர்கள், அந்தக் கட்டிகள் வெந்த பிறகும் உலர்ந்த மாவாகவே வாயில் அகப்படும்.

எனக்குக் கோபம் வந்தது முதல் பாக்கெட் மேல்தான். கோதுமை மாவுக்குப் பதிலாக இதைச் சம அளவில் சேர்க்கலாம் என்று அதன் பின்னால் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பி ஒரு கப் மாவுக்கு ஒரு கப் என்று போட்டேன். கலந்த இரண்டு நிமிடத்தில் கிண்ணத்தில் இருந்த ஈரம் முழுவதையும் மாவு இழுத்துக்கொண்டு, காய்ந்த மணல்போல் உதிர்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று ஊற்றிக்கொண்டே போனேன், கடைசியில் வெந்து வந்தது தொட்டால் பொடியும் உருண்டைகள். தேங்காய் மாவுபோல் தண்ணீர் இழுக்கும் மாவை நான் பார்த்ததில்லை. ஒரு கப் கோதுமை மாவு போடும் இடத்தில் கால் கப், அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் ஒரு தட்டு சாமானையும் வீணாக்கிவிட்டு, இந்த மாவே சரியில்லை என்று ஒதுக்கியிருப்பார்களோ. அச்சடிப்பவர்கள் ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட்டு அச்சடித்திருக்கலாம்.

அப்புறம் முட்டை. தேங்காய் மாவில் குளூட்டன் கிடையாது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள அதற்குச் சொந்தமாக எதுவுமில்லை, அதனால்தான் பெரும்பாலான செய்முறைகளில் முட்டையை அள்ளிப் போடுகிறார்கள். வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காமல், செய்பவர்களுக்கு அந்த வழி இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியில் மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும், அது ஓரளவு பிடிப்பு தரும். ஓரளவுதான். அதை மட்டும் நம்பிச் செய்த குக்கீஸை ஒரு கையால் எடுத்தால் பாதி தட்டிலேயே நின்றுவிட்டது. பாதாம் பட்டர் (பாதாமை அரைத்த விழுது, வெண்ணெய் இல்லை) சேர்த்த பிறகுதான் நிலைமை மாறியது, அதன் கொழுப்பும் பிசுபிசுப்பும் சேர்ந்து மாவைக் கட்டிப் பிடிக்கிறது.

இப்போது என் கை அளவு இதுதான்: 60 கிராம் தேங்காய் மாவு, 120 கிராம் பாதாம் பட்டர், 80 மில்லி மேப்பிள் சிரப், உருக்கிய தேங்காய் எண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன், மேலே சொன்ன ஆளிவிதைக் கலவை, கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மாவை கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர அள்ளினால் வேறு எடை, வேறு மாவில் இது பெரிய விஷயமில்லை, இதில் ஒரு ஸ்பூன் கூடினாலே தட்டு கெட்டுவிடும். எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும், அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிரப்பை அப்படியே ஊற்றினால் கலவையில் வெள்ளை வெள்ளையாகத் திரியும். எல்லாம் அறையின் சூட்டில் இருக்கட்டும்.

ஈரமானவற்றை ஒன்றாக அடித்து, சோடாவும் உப்பும் கலந்து சலித்த மாவை அதில் கொட்டிக் கிளறினால் முதலில் இட்டதெல்லாம் தப்பு என்றே தோன்றும். கூழ்போல் தளதளவென்று இருக்கும். அங்கேதான் கை துறுதுறுக்கும், இன்னும் ஒரு ஸ்பூன் மாவு போடலாமா என்று. போடாதீர்கள். மூடிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து கரண்டியால் கோடு போட்டால் கோடு மூடாமல் அப்படியே நிற்கும், ஓரங்களில் பளபளப்பு போய் மங்கலாக இருக்கும், உள்ளங்கையில் எடுத்து உருட்டினால் விரிசல் விடாது. விரிசல் விட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றை இந்தக் கட்டத்தில்தான் பிசைந்து சேர்க்கிறேன், முன்னாலேயே சேர்த்தால் சோடாவின் வேலை கிண்ணத்திலேயே முடிந்துவிடுகிறது.

உருண்டையை உருண்டையாகவே ஓவனில் வைத்தால் உருண்டையாகவே வெளியே வரும். வெண்ணெயும் மைதாவும் போட்ட குக்கீஸ்போல் இது தானாகப் பரவாது, எந்த வடிவம் வேண்டுமோ அதை நாமே தட்டிவைக்க வேண்டும். அரை விரல் தடிமன் எனக்குச் சரியாக இருக்கிறது. 175 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள், நடுவில் தொட்டால் மெத்தென்று அமுங்கும், அமுங்கட்டும். சூட்டோடு எடுத்தால் கண்டிப்பாக உடையும். தட்டிலேயே இருபது நிமிடம் ஆறினால் எண்ணெய் இறுகி, அடிப்பக்கம் முழுதாகக் கழன்று வரும்.

சுவை? ஓரத்தில் லேசான மொறுமொறுப்பு, உள்ளே ஈரமான கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவான பதம். கடித்தால் டக்கென்று உடையும் பிஸ்கட் வேண்டுமென்றால் இந்த மாவு அதைத் தராது. தேங்காய் வாசமும் இருக்கத்தான் செய்யும், கொக்கோ போட்டால் கொஞ்சம் பின்னால் போகும், மறையாது. நார் அதிகம் என்பதால் மூன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, கூடவே தண்ணீரும் குடிக்க வேண்டும். முதல் தட்டு சரியாக வந்த அன்று அக்கா ஒன்றை எடுத்து, கீழே திருப்பிப் பார்த்து, “இதில் எனக்கு ஆகாதது எதுவும் இல்லையே?” என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றதும் நாலு சாப்பிட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பேக்கிங் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் போடுபவர்கள் டப்பாவைப் படியுங்கள், பலவற்றில் சோள ஸ்டார்ச் கலந்திருக்கும், சோளம் தானியம்தானே. சாக்லேட் துண்டுகளில் பால் பவுடர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டைப் பற்றி ஒரே குறை, அதன் ஜிப் நாலைந்து முறை திறந்ததும் பிடிமானம் விட்டுவிட்டது. காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக் கட்டியாகும் மாவு இது, அதனால் வாங்கிய அன்றே கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுவது நல்லது. செய்த குக்கீஸ் ஃபிரிட்ஜில் ஐந்து நாள் நன்றாக இருக்கிறது, இரண்டாவது நாள் முதல் நாளைவிட இறுக்கமாக, இன்னும் ருசியாக இருக்கிறது.

போன வாரம் அக்காவின் தோழி வருவதாக இருந்தது, அவருக்குப் பாதாம் ஆகாது. அதனால் சூரியகாந்தி விதை பட்டரை அதே அளவில் போட்டேன். பதம் அருமையாக வந்தது, ஆனால் ஆறிய பிறகு பிட்டால் உள்ளே பச்சை நிறம். பயப்பட வேண்டாம், அந்த விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேரும்போது அப்படி ஆகிறது, சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. அடுத்த தட்டில் சோடாவைப் பாதியாக்கி எலுமிச்சைச் சாற்றை இரண்டு ஸ்பூன் ஆக்கினேன், பச்சை பெருமளவு குறைந்துவிட்டது.