விர்ட்-ஐஓ, விஎஃப், இ1000: மெய்நிகர் கணினிக்கு எந்த நெட்வொர்க் டிரைவர்?

ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவர் எந்தெந்த வசதிகளைத் தருகிறது என்று அறிய, லினக்ஸில் ஈத்டூல் கருவியைச் சிறிய 'கே' குறியுடன் இயக்கினால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். பாக்கெட் பிழையின்றி வந்ததா என்று சோதிக்க உதவும் செக்சம் கணக்கிடுதல், பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக வெட்டும் டிஎஸ்ஓ, வந்தவற்றை ஒன்றுசேர்க்கும் ஜிஆர்ஓ, வி-லேன் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) வடிகட்டல் என ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்று இருக்கும். மாற்ற இயலாதவற்றின் அருகே 'ஃபிக்ஸ்ட்' என்ற குறிப்பு இருக்கும். நிஜக் கார்டுக்கும் மெய்நிகர் கார்டுக்கும் பட்டியல் ஒரே வடிவில் வருவதால், எதில் 'ஆன்' அதிகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கத் தோன்றும். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது.

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் பராமரிக்கும் இரண்டு சர்வர்களில், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் நிறுவனங்களின் கணக்கு, சரக்கு இருப்பு, ஏற்றுமதி ஆவணங்கள் ஆகியவற்றுக்கான மெய்நிகர் கணினிகள் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகள்) லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் இயங்குகின்றன. அவற்றுக்கு மூன்று வழிகள் இருந்தன: பழைய இன்டெல் கார்டைப் போல நடிக்கும் இ1000, மெய்நிகர் கணினிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட விர்ட்-ஐஓ, நிஜக் கார்டின் ஒரு பங்கை (அதுவே விஎஃப்) நேரடியாக ஒப்படைக்கும் எஸ்ஆர்-ஐஓவி. நாங்கள் விர்ட்-ஐஓவை எடுத்தோம். இன்று மீண்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன்.

இ1000 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேவிஎம்முடன் சேர்ந்து மெய்நிகர் சாதனங்களை உருவாக்கும் கியூஇஎம்யு, அதில் இன்டெல் 82540இஎம் சிப்பை மென்பொருளால் போலச் செய்கிறது. பட்டியலில் டிஎஸ்ஓவும் செக்சமும் 'ஆன்' என்றே தெரியும். ஆனால் அந்த வேலையைச் செய்யும் சிலிக்கான் எதுவும் பின்னால் இல்லை. டிரைவர் கார்டின் கட்டுப்பாட்டு இடங்களான ரெஜிஸ்டர்களைத் தொடும்போதெல்லாம் கட்டுப்பாடு ஹோஸ்ட்டுக்கு, அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வருக்கு, தாவித் திரும்புகிறது. விர்ட்-ஐஓ டிரைவர் இல்லாத பழைய இயங்குதளத்துக்கு மட்டும் அது போதும்.

எஸ்ஆர்-ஐஓவி உண்மையிலேயே வலுவான போட்டியாளர். இன்டெல் 82599 போன்ற பத்து கிகாபிட் கார்டு, ஒரு போர்ட்டை அறுபதுக்கும் மேற்பட்ட விஎஃப்களாகப் பிரித்துத் தரும். ஒரு விஎஃப்பைப் பெற்ற மெய்நிகர் கணினி ஹோஸ்ட்டின் சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் நேரே கார்டுடன் பேசுவதால், சிறு பாக்கெட்டுகள் ஏராளமாக வரும் இடத்தில் தாமதம் குறைவு. ஆயினும் விஎஃப்பின் வசதிப் பட்டியல் முழுக் கார்டின் பட்டியல் ஆகாது. 82599இல் முழுக் கார்டுக்கு, வரும் பாக்கெட்டுகளைப் பல சிபியுக்களுக்குப் பங்கிடும் ஆர்எஸ்எஸ் வரிசைகள் பதினாறு வரை கிடைக்க, விஎஃப்புக்குச் சிலவே கிடைக்கின்றன. ஹோஸ்ட்டில் 'டிரஸ்ட்' அனுமதி தராவிட்டால், பிற முகவரிகளுக்கான பாக்கெட்டுகளையும் ஏற்கும் புரொமிஸ்குவஸ் நிலை கிடைக்காது. ஆகவே மெய்நிகர் கணினிக்குள் பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) அமைத்து, அதனுள் தனித்து இயங்கும் கன்டெய்னர்களுக்குத் தனித்தனி மேக் முகவரி கொடுக்க நினைப்பவருக்குப் பாக்கெட்டுகள் வந்து சேராது.

விர்ட்-ஐஓவில் 'ஆன்' என்பதன் பொருளே வேறு. டிரைவரும் ஹோஸ்ட்டும் தொடக்கத்தில் வசதி பிட்டுகளை ஒவ்வொன்றாகப் பேசி உடன்படுகின்றன: செக்சத்துக்கு பிட் 0, பல வரிசைகளுக்கு பிட் 22, ஆர்எஸ்எஸ்ஸுக்கு பிட் 60. செக்சம் 'ஆன்' என்றால், 'நான் கணக்கிடவில்லை, உனக்குத் தேவைப்பட்டால் நீ கணக்கிட்டுக்கொள்' என்று ஹோஸ்ட்டிடம் ஒப்படைப்பதாகும். ஒரே சர்வரிலுள்ள இரண்டு மெய்நிகர் கணினிகள் பேசிக்கொள்ளும்போது அந்தத் தேவையே எழுவதில்லை. பெரிய தரவு வெட்டப்படாமலே கைமாறுகிறது. எங்கள் கணக்கு மென்பொருளும் அதன் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் இருப்பதால் இது எங்களுக்குப் பெரும் பலன். விஎஃப்பில் அதே போக்குவரத்து, கார்டைச் சர்வருடன் இணைக்கும் பிசிஐஇ வழியே கார்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறுபுறம், பல வரிசை வசதியை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின் அமைப்புக் கோப்பில் நாமே கேட்டுப் பெற வேண்டும். கேட்காவிட்டால் ஒரு வரிசைதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேகமன்று, பராமரிப்பு. சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி தடுமாறினாலும், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினாலும், ஒரு சர்வரை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் மற்றதில் ஓட்ட வேண்டிவரும். விர்ட்-ஐஓ கொண்ட மெய்நிகர் கணினியை ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்தலாம். பில் போடுபவருக்குத் தெரியாது. எங்களிடம் உள்ள தலைமுறைக் கார்டுகளின் விஎஃப்பை ஒப்படைத்த கணினியை அப்படி நகர்த்த இயலாது. விர்ட்-ஐஓவையும் விஎஃப்பையும் இணைத்து, நகர்த்தும் நேரத்தில் மட்டும் விர்ட்-ஐஓவுக்கு மாறும் நெட்-ஃபெயிலோவர் டிரைவர் லினக்ஸில் உண்டு. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு இடைமுகங்களைக் கவனிப்பது எங்களைப் போன்ற சிறிய குழுவுக்குச் சுமை.

கார்டு பழுதானால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்கில் சேரும். பத்து கிகாபிட் சர்வர் கார்டை நாங்கள் பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்துதான் வரவழைக்கிறோம். அதே மாடல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 82599க்குப் பதில் இன்டெல்லின் எக்ஸ்710 வந்தால் விஎஃப் டிரைவரும் மாறும், வசதிப் பட்டியலும் மாறும், ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் திறந்து சரிபார்க்க வேண்டும். விர்ட்-ஐஓவில் ஹோஸ்ட்டின் டிரைவர் மட்டுமே மாறுகிறது. உள்ளே இருக்கும் கணினி நேற்றுக் கண்ட அதே சாதனத்தையே இன்றும் காண்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு சர்வர்களிலும் ஒத்த கியூஇஎம்யு பதிப்பும் அதே மெஷின் வகையும் (கியூஇஎம்யு போலச் செய்யும் மதர்போர்டு மாதிரி) இருக்க வேண்டும். ஏற்கெனவே உடன்பட்ட பிட் ஒன்று மறுபக்கத்தில் இல்லையென்றால் நகர்த்தல் மறுக்கப்படும்.

நூறு கிகாபிட் கார்டுகளிலோ, விஎம்வேரின் மெய்நிகர் கார்டான விஎம்எக்ஸ்நெட்3இலோ நான் நீண்ட காலம் வேலை செய்ததில்லை. அவற்றைக் கையாண்டவர்கள் வேறு முடிவுக்கு வரக்கூடும். டிபிடிகே (கெர்னலைத் தவிர்த்து நேரே கார்டுடன் பேசும் நிரல் தொகுப்பு) கொண்டு பாக்கெட்டுகளைக் கையாள்பவர்கள், அத்திட்டத்தின் ஆவணத்திலுள்ள டிரைவர் வாரியான வசதி அட்டவணையை முதலில் பார்ப்பது நல்லது. அதில் பகுதியளவு ஆதரவு தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

பாக்கெட்டின் நேரத்தைக் கார்டே குறிக்கும் வன்பொருள் நேரமுத்திரை வேண்டுமென்றால் விர்ட்-ஐஓவைக் கருதவே வேண்டாம். இன்டெல் ஐ210 போன்ற நிஜக் கார்டை நேரடியாகக் கொடுங்கள். கணினியின் கடிகாரம் சரியாக ஓடினால் போதும் என்பவருக்கு, ஹோஸ்ட்டின் நேரத்தைத் தரும் பிடிபி-கேவிஎம் டிரைவரும், கடிகாரத்தை அதனுடன் ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளும் போதுமானவை; எங்கள் மெய்நிகர் கணினிகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடே இருக்கிறது.