நாற்பரிமாண கியூபின் கடைசி செல்: ஆர்கேடி முறையா, கம்யூட்டேட்டரா?

ரூபிக் கியூபின் நாற்பரிமாண வடிவமான 3×3×3×3 கியூபில் 8 செல்கள் (சாதாரண கியூபின் முகத்துக்கு ஈடானவை; ஒவ்வொன்றும் பார்க்க ஒரு 3×3×3). கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் 80: ஒற்றை நிறம் 8, இருநிறம் 24, மூன்று நிறம் 32, நான்கு நிறம் 16. அடுக்கு அடுக்காகத் தீர்த்துக்கொண்டு வந்தால், கடைசி செல்லைத் தொடும் இருநிறம் 6, மூன்று நிறம் 12, நான்கு நிறம் 8 மட்டும் மிஞ்சும். இந்த 26-ஐ முடிக்க இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன.

ஆர்கேடி (RKT) என்பது கடைசி செல்லை அப்படியே ஒரு சாதாரண 3×3×3 ஆக நினைத்துத் தீர்ப்பது. அதற்கு முன் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். 26 துண்டுகளும் கடைசி செல்லின் நிறத்தை அந்தச் செல்லுக்குள்ளேயே காட்ட வேண்டும். 6 இருநிறத் துண்டுகளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பக்கத்துச் செல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆர் செல் என்போம். (வழக்கமான கியூப் குறியீடுதான்: ஆர் வலது, எல் இடது, யூ மேல், டி கீழ், எஃப் முன்; ' போட்டால் எதிர்த்திசை, 2 போட்டால் இரட்டைத் திருப்பல்.) மேஜிக்கியூப்4டி மென்பொருளில், ஆர் செல்லுக்குள் கடைசி செல்லை ஒட்டியிருக்கும் இருநிற ஸ்டிக்கரைக் கிளிக் செய்தால் ஆர் செல் 90 டிகிரி சுழலும். கடைசி செல்லின் ஆர் முகமும் கூடவே திரும்பும். யூ முகத்தைத் திருப்ப வேண்டுமா? கடைசி செல்லை மொத்தமாகச் சுழற்றி யூ முகத்தை ஆர் பக்கம் கொண்டுவந்து, ஆர் செல்லைத் திருப்பி, பழையபடி சுழற்றி வைக்க வேண்டும். சாதாரண கியூபின் சூனே அல்காரிதத்தை (ஆர், யூ, ஆர்', யூ, ஆர், யூ2, ஆர்') இப்படிச் செய்தால் 7 திருப்பல், நடுவே கடைசி செல்லை மொத்தமாகச் சுழற்றும் மறுசுழற்சி 6, ஆக 13.

கணக்கு எங்கே இடிக்கும்? ஆர் செல்லின் மீதி இரண்டு அடுக்குகளும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே சுற்றுகின்றன. கடிகாரத் திசைக்கு +1, எதிர்த்திசைக்கு −1, இரட்டைக்கு 2 என்று கூட்டினால் மொத்தம் 4-இன் மடங்காக வர வேண்டும். சூனேக்குக் கூட்டுத்தொகை 4, அதனால் தொல்லை இல்லை. இரண்டு மூலைகளையும் இரண்டு ஓரத்துண்டுகளையும் இடம் மாற்றும் டி-பெர்ம் அல்காரிதத்துக்கு −1. அதன் பின் மேல் முகத்தைச் சரிசெய்ய யூ வந்தால் 0, யூ' வந்தால் −2. இந்த இரண்டாவது நிலையில்தான் கடைசி செல் தீர்ந்திருக்க, ஆர் செல்லின் மற்ற இரண்டு அடுக்குகள் மட்டும் 180 டிகிரி திரும்பி நிற்கும். இதைத்தான் ஆர்கேடி பேரிட்டி என்கிறார்கள். 4×4×4-இல் வரும் பேரிட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருந்து: (ஆர், எல், யூ2, ஆர்', எல்', யூ) இரண்டு தடவை, ஆர்கேடி முறையிலேயே. சாதாரண கியூபில் இது எந்தத் துண்டையும் நகர்த்தாது. நடுத்துண்டு ஒன்றைத்தான் 180 டிகிரி சுற்றும். கூட்டுத்தொகையோ 6. நமக்கு வேண்டியது அந்த மிச்ச 2. ஒவ்வொரு அல்காரிதத்துக்கும் தனித்தனியே எண்ணிக் கவலைப்பட வேண்டாம், முழுத் தீர்வுக்கும் சேர்த்துதான் கணக்கு. நடுவில் ஆர் செல் கலைந்து தெரிவதைப் பார்த்துப் பதறி எதையாவது கிளிக் செய்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

கம்யூட்டேட்டர் என்பது இரண்டு செயல்களை அடுத்தடுத்துச் செய்து, பிறகு இரண்டையும் தலைகீழாகச் செய்து அழிக்கும் வரிசை. இந்த வழியில் ஆர்கேடி போன்ற மறுசுழற்சி கிடையாது. ஆர், யூ, டி செல்களை நேரடியாகத் திருப்பி ஆர், யூ, ஆர்', டி, ஆர், யூ', ஆர்', டி' என்ற 8 திருப்பல்களைச் செய்கிறோம். கடைசி செல், அதற்கு எதிர்ச் செல், நடு அடுக்கு மூன்றிலும் இது ஒன்றாக நடக்கும். அடுத்து கடைசி செல்லை மட்டும் எஃப் பக்கமிருந்து பார்த்துக் கடிகாரத் திசையில் 90 டிகிரி சுழற்றி, அந்த எட்டையும் தலைகீழாகச் செய்து, செல்லைத் திரும்ப வைக்க வேண்டும். மொத்தம் 18. எதிர்ச் செல்லிலும் நடு அடுக்கிலும் செய்ததும் அழித்ததும் சரிக்குச் சரி. கடைசி செல்லில் மூன்று மூலைகள் இடம் மாறும். ஆனால் யூ-எஃப்-ஆர் மூலை தன் இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை வேறு தனியே சரிசெய்ய வேண்டும்.

அதே எட்டை ஆர்கேடியில் போட்டால் கூட்டுத்தொகை 0; 8 திருப்பலும் 8 மறுசுழற்சியும் சேர்த்து 16. உபரி முறுக்கல் இல்லாத சுத்தமான மும்மாற்றம், அதாவது மூன்று மூலைகள் மட்டும் இடம் மாறும். ஆக, முன்நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் ஆர்கேடிதான் என் தேர்வு. ஹைப்பர்ஸ்பீட்கியூப் போல விசைப்பலகையில் ஓடும் மென்பொருளில் மறுசுழற்சி பெரிய சுமையும் அல்ல. மவுஸில் மட்டும் கை சலித்துப்போகும்.

அடுக்காகப் போகாமல் இருநிறம் எல்லாம், பிறகு மூன்று நிறம், பிறகு நான்கு நிறம் என்று வகைவாரியாகத் தீர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. மீதித் துண்டுகள் பல செல்களில் சிதறிக் கிடக்கும், நிறமும் எங்கெங்கோ பார்க்கும். அங்கே ஆர்கேடிக்கு வேலையில்லை. கம்யூட்டேட்டரை ஒருமுறை மேக்ரோவாக (மென்பொருள் திரும்ப ஓட்டும் திருப்பல் வரிசையாக) பதிந்துவிட்டு, எங்கே ஓட்ட வேண்டும் என்று காட்டும் குறிப்பு ஸ்டிக்கர்களைத் தொட்டு வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இந்த வழியில் போகிறவர்களை ஒரு காட்சி ஏமாற்றும்: மற்றதெல்லாம் தீர்ந்திருக்க, ஒரே ஒரு மூன்று நிறத் துண்டின் நிறங்கள் சுழன்று நிற்கலாம்; ஒரே ஒரு நான்கு நிற மூலையில் இரண்டு ஜோடி நிறங்கள் இடம் மாறியும் நிற்கலாம். முப்பரிமாணத்தில் இப்படி வரவே வராது, இங்கே வரும். கியூப் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீசெட் அடித்துவிடாதீர்கள்.

ஐந்து பரிமாணத்துக்குப் போனால் கம்யூட்டேட்டரின் நீளம் ஒவ்வொரு படியிலும் இரட்டித்து 2 கூடும்: 8, 18, 38. ஆர்கேடியின் எளிய கூட்டல் கணக்கும் அங்கே போதாது. ஆர் செல் ஒரே அச்சில் சுற்றாமல் 24 நிலைகளில் எதிலும் போய் நிற்கலாம் என்பதால், திருப்பல்களை வரிசைப்படி சேர்த்துப் பார்த்து அது புறப்பட்ட நிலைக்கே வந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.