எட்ஜ் வெல்ட் கனெக்டர்: அளவு சொல்லும், ஆயுள் சொல்லாது

வெல்டை முக்கோணத் திடமாக வரைந்து மெஷ் போட்டவர்களுக்கு (மெஷ் என்றால் கணக்கிடுவதற்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) இந்தச் சிக்கல் தெரியும். வெல்டு தகட்டைத் தொடும் கூர்முனையில், மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்கத் தகைவு (ஸ்ட்ரெஸ்) ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாது. வடிவமைப்பைக் கணினியில் சோதிக்கும் சாலிட்வொர்க்ஸ் சிமுலேஷன் மென்பொருளின் எட்ஜ் வெல்ட் கனெக்டர் அந்த வழிக்கே போவதில்லை. தையல், அதாவது வெல்டு ஓடும் கோடு நெடுக ஒவ்வொரு நோடிலும் (மெஷ்ஷின் புள்ளியிலும்) விசையையும் வளைவுத் திருப்புத்திறனையும் எடுத்து, அங்கே எவ்வளவு வெல்டு வேண்டும் என்று கணக்கிடுகிறது. மிகச் சரியான அணுகுமுறை.

முட்டி நிற்கும் தகடு ஷெல்லாகவோ (தடிமனை எண்ணாக மட்டும் வைத்த மேற்பரப்பு மாடல்) ஷீட் மெட்டலாகவோ இருக்க வேண்டும். இரண்டு முகங்கள், சந்திக்கும் ஓரம், ஒருபக்கமா இருபக்கமா, ஃபில்லட்டா (மூலையை நிரப்பும் முக்கோண வெல்டு) குரூவா (பள்ளத்தை நிரப்பும் வெல்டு), அமெரிக்க முறையா ஐரோப்பிய முறையா, உத்தேச அளவு: இவ்வளவுதான் கேட்கும்.

தவறு பெரும்பாலும் இணைப்பில்தான் நடக்கிறது. மொத்த மாடலுக்கும் 'பாண்டட்' (தொடும் இடமெல்லாம் ஒட்டியதாகக் கொள்வது) கொடுத்துவிட்டு, விட்டுவிட்டுப் போடும் வெல்டைச் சோதித்தால், வெல்டு இல்லாத இடமும் ஒட்டிக்கொண்டு சுமையைத் தாங்கும். வெல்டு அளவு அழகாகக் குறைந்து வரும், அது பொய். அந்த இரு தகடுகளுக்கு இடையே பாண்டட்டை முதலில் நீக்கிவிடுங்கள்.

முடிவைக் கைக்கணக்கால் சரிபார்ப்பது எளிது. 100 மி.மீ. தையல், இருபக்க ஃபில்லட், தையல் திசையில் 60 கிலோநியூட்டன் என்று வைப்போம். ஒரு பக்கத்துக்கு மி.மீ.க்கு 300 நியூட்டன். இ70 வகை எலெக்ட்ரோடின் (வெல்டிங் குச்சி) இழுவலிமை சுமார் 482 மெகாபாஸ்கல், அதில் அனுமதிக்கும் 0.3 பங்கு 145 மெகாபாஸ்கல். 300-ஐ 145-ஆல் வகுத்தால் தொண்டை (வெல்டின் மிகக் குறுகிய குறுக்களவு) 2.07 மி.மீ., கால் நீளம் (தகட்டை ஒட்டிய பக்கத்தின் நீளம்) அதை 0.707-ஆல் வகுக்க 2.93 மி.மீ. கனெக்டர் தரும் வெல்டு அளவு வரைபடத்தின் நடுப்பகுதி இதை ஒட்டி வர வேண்டும். தையலின் இரு முனைகளிலும் கூம்பு கிளம்பும். மெஷ்ஷை மாற்றினால் அதுவும் மாறும். அந்த உச்சத்தை வைத்து அளவு முடிவு செய்யாமல், கொஞ்ச நீளத்துக்குச் சராசரி எடுங்கள்.

3 மி.மீ. போதும் என்று வந்தாலும் 10 மி.மீ. தகட்டுக்கு அதை எழுதிவிடக் கூடாது. அமெரிக்க வெல்டிங் விதிநூலான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 அந்தத் தடிமனுக்குக் குறைந்தது 5 மி.மீ. கேட்கிறது. தடித்த தகடு வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ள, மெல்லிய வெல்டு வேகமாகக் குளிர்ந்து விரிசல் விடும். கனெக்டர் தருவது வலிமைக் கணக்கு மட்டுமே. தொண்டையையும் கால் நீளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 5 மி.மீ. தொண்டை கேட்ட இடத்தில் 5 மி.மீ. கால் நீளம் போட்டால் கிடைப்பது 3.5 மி.மீ. தொண்டைதான்.

ஒருபக்க ஃபில்லட்டில் வளைவு வந்து வேர்ப்பகுதி (வெல்டின் உள்மூலை) இழுபட்டால், வரைபடம் பச்சையாக இருந்தாலும் வடிவமைப்பை மாற்றுங்கள்.

களைப்புக்கு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசலுக்கு, இந்தக் கருவி உதவாது. பெரிய குறை இதுதான். தகைவைப் புரோப் (ஒரு புள்ளியின் மதிப்பைப் படிக்கும் கருவி) வைத்து நாமே எடுக்க வேண்டும். 10 மி.மீ. தகட்டில், வெல்டு தகட்டைத் தொடும் விளிம்பிலிருந்து 4 மி.மீ., 10 மி.மீ. தூரத்தில் 180, 150 மெகாபாஸ்கல் என்றால், ஹாட்ஸ்பாட் தகைவு (அந்த விளிம்புக்கு நீட்டிக் கணக்கிடும் தகைவு) 1.67 × 180 − 0.67 × 150, அதாவது 200 மெகாபாஸ்கல். வேரிலிருந்து கிளம்பும் விரிசலை இதுவும் காட்டாது. அதற்கு வேரில் 1 மி.மீ. ஆரம் கொடுத்து, கால் மி.மீ.க்கு மிகாத இருபடி எலிமென்ட்டுகளோடு (ஓரங்களின் நடுவிலும் நோடு உள்ள மெஷ் துண்டுகள்) தனியாக ஒரு திட மாடல் போட வேண்டும்.