போட்டிக்காரர் ஏவும் ஸ்பேம் லிங்க்: டிஸ்அவோ செய்வதா, அப்படியே விடுவதா?

கிருஷ்ணகிரியில் எங்கள் குடும்பத்துக்கு மாம்பழக் கூழ் ஆலை இருக்கிறது. அதன் இணையதளத்தைக் கவனிப்பது என் பொறுப்பு. போன சீசன் முடிந்த கையோடு, சூதாட்டத் தளங்களிலிருந்தும் மாம்பழத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுப் பக்கங்களிலிருந்தும் எங்களுக்கு லிங்க்குகள் குவிய ஆரம்பித்தன. அதே வாரங்களில் தளத்துக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். தொழில் போட்டியில் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம்.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. லிங்க் போட்ட தளங்களுக்கு எழுதி நீக்கச் சொல்வது, 'இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கருவியில் பட்டியல் ஏற்றுவது, தொடாமல் விடுவது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். இதே சந்தேகத்தில் இருக்கும் ஓசூர் பூ ஏற்றுமதிக்காரர்களுக்கும் தர்மபுரி புளி வியாபாரிகளுக்கும் அதையேதான் சொல்வேன்.

எழுதிக் கேட்கும் வழியில் பேச அதிகம் இல்லை. ஸ்பேம் தளம் நடத்துகிறவர் உங்கள் மெயிலைப் படிக்கப்போவதில்லை. படித்தாலும், நீக்கப் பணம் கேட்பார்.

டிஸ்அவோ அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல, அது பிறந்ததற்குக் காரணம் உண்டு. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குயின் என்ற தேடல் அப்டேட்டைக் கொண்டுவந்தபோது, தேடலில் மேலே வருவதற்காகச் செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் ஒரேயடியாகச் சரிந்தன. அப்படியானால் அடுத்தவன் தளத்துக்கும் மோசமான லிங்க்குகளைப் போட்டுக் கவிழ்த்துவிடலாமே என்ற பயம் பரவியது. அன்றைக்கு அது நியாயமான பயம். அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்அவோ வந்தது. ஆனால் 2016 செப்டம்பரில் வந்த பெங்குயின் 4.0 இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. மோசமான லிங்க்குக்காகத் தளத்தையே கீழே தள்ளுவதை விட்டு, அந்த லிங்க்குக்கு மதிப்பே இல்லாமல் செய்வது என்ற முறைக்குக் கூகுள் வந்தது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெயின் என்ற அமைப்பும் அதே வேலையைச் செய்கிறது. பிங் தேடுபொறி 2023-இல் தன் டிஸ்அவோ கருவியையே எடுத்துவிட்டது.

இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும், என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்புதான். டிஸ்அவோ பட்டியல் பார்க்க எளிது. ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு டொமைன், அதிகபட்சம் 1,00,000 வரி, 2 எம்பி. ஏற்றுவது சில நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் சுமை. புதிதாக ஏற்றும் பட்டியல் பழையதோடு சேராது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஆகவே ஒவ்வொரு முறையும் பழையதை இறக்கி, புதிய டொமைன்களைச் சேர்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஸ்பேம் அனுப்புகிறவரோ நேற்றைய டொமைனை இன்று பயன்படுத்துவதில்லை. நீங்கள் பட்டியலை முடிப்பதற்குள் புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கும். ஏற்றிய பட்டியல் கணக்கில் வர வாரக்கணக்கில் ஆகும். எந்த வரி பலன் கொடுத்தது என்று கூகுள் எங்கேயும் காட்டாது. மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் இதற்கு ஆளை உட்கார வைக்க எந்தச் சிறு ஆலையால் முடியும்?

அதைவிடப் பெரிய ஆபத்து, நல்ல லிங்க் அறுந்துபோவது. மாதக் கட்டணத்துக்குச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம், மாதிரிக்கு ஒரு 'டாக்ஸிக்' (நச்சு லிங்க்) பட்டியலை மதிப்பெண் போட்டு அனுப்பியது. அந்த மதிப்பெண் கூகுள் கொடுப்பதல்ல, கருவி விற்பவர்கள் தாங்களே போடும் கணக்கு. பட்டியலுக்குள் நம் பக்கத்து மாம்பழக் கண்காட்சியைப் பற்றி எழுதிய தமிழ் வலைப்பூ இருந்தது. ஒகேனக்கல் பயணம் எழுதும் ஒருவர் வழியில் எங்கள் ஆலையைப் பார்த்து எழுதியிருந்த பக்கமும் இருந்தது. சிறிய தளம், தமிழ் எழுத்து, லிங்க் குறைவு என்பதால் கருவிக்கு அவை குப்பை. எங்களுக்கோ உண்மையான மனிதர்கள் மனதாரக் கொடுத்த லிங்க்குகள் அவைதான். ஸ்பேமைக் கூகுள் தானே கழித்துவிடும், ஆனால் நான் கைப்பட 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்த நல்ல லிங்க்கை எனக்காக யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

சரி, வருகை ஏன் குறைந்தது? கூகுள் தேடலில் நம் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். போன மாதத்தோடு ஒப்பிடாமல், முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். செந்தூராவும் பெங்களூராவும் முடிந்த பிறகு மாம்பழம் தேடுகிறவர்கள் குறைவது எல்லா ஆண்டும் நடப்பதுதான். எங்கள் வருகைக் கோடும் முந்தைய ஆண்டு எந்த நேரத்தில் இறங்கியதோ அதே நேரத்தில்தான் இறங்கியிருந்தது. இன்னொன்றையும் பாருங்கள். 2024-இல், தேடல் வரிசையைப் பெரிய அளவில் மாற்றும் கூகுளின் கோர் அப்டேட் ஒன்று ஆகஸ்ட் 15-இல் தொடங்கி செப்டம்பர் 3 வரை நடந்தது. சீசன் முடிவும் அப்டேட்டும் ஒன்றாக வந்தால் பழி எளிதாக லிங்க் மேல் விழுந்துவிடும்.

டிஸ்அவோ யாருக்குத் தேவை என்பதைக் கூகுளே சொல்லியிருக்கிறது. செயற்கையான லிங்க்குகள் கணிசமாக இருக்க வேண்டும், அவற்றால், கூகுள் ஊழியர்கள் தாங்களே பார்த்து விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்க வேண்டும் அல்லது வரும் நிலை இருக்க வேண்டும். நீங்களோ, முன்பு தளத்தைப் பார்த்தவரோ காசு கொடுத்து லிங்க் வாங்கியிருந்தால் இது பொருந்தும். எங்களுக்கு மேனுவல் ஆக்‌ஷன் வந்ததில்லை, அதனால் அந்த இடத்தில் அனுபவத்திலிருந்து பேச எனக்குத் தகுதி இல்லை. அறிவிப்பு வந்திருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள், வாங்கிய லிங்க்குகளை முடிந்தவரை நீக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தை டிஸ்அவோ செய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள்.

நாங்கள் இப்போது செய்வது வேறு. சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன், செக்யூரிட்டி இரண்டு பக்கங்களையும் அவ்வப்போது பார்க்கிறோம். வேர்டுபிரஸ்ஸையும் பிளக்-இன்களையும் அப்டேட் செய்து, தெரியாத பயனர் கணக்கு முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கெட்ட எண்ணம் உள்ளவர் தளத்துக்குள் புகுந்தாலும், மேப்பில் பொய் ரிவ்யூ போட்டாலும் உண்மையான சேதம் உண்டு. சுத்தம் செய்யக் கேட்ட பணத்தில் ஏற்றுமதிப் பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் புதிதாக எழுதுகிறோம்.